கோயில் பக்கமும் அதன் எழுத்தும்

யாங்கோன்

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மோல்மேனில் மழை விட்டதா? மகளின் பரீட்சை எப்படிப் போனது?

கோயிலின் இணையப் பக்கம் அவள் போனில் ஒரு மாதிரியும் உன் கம்ப்யூட்டரில் வேறு மாதிரியும் தெரிவதாக எழுதியிருந்தாய். அந்தப் பக்கம் எழுத்துரு எதையும் கேட்பதில்லை. அதனால் அவள் போனின் ஆண்ட்ராய்டு தன்னிடம் உள்ள நோட்டோ எழுத்துருவையும், உன் கம்ப்யூட்டரின் விண்டோஸ் தன்னிடம் உள்ள நிர்மலா எழுத்துருவையும் எடுத்துக்கொள்கின்றன. புதுப் பக்கத்தில் எழுத்துருவையும் கூடவே அனுப்பப் போகிறேன்.

1997-லேயே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உலாவியில் இதற்கு வழி இருந்தது. ஆனால் அதன் எழுத்துருக் கோப்பு மற்ற உலாவிகளில் செல்லாது. 2008-இல் சஃபாரி, 2009-இல் ஃபயர்ஃபாக்ஸ் என்று ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. இன்று வோஃப்2 (WOFF2) என்ற வகை எழுத்துருக் கோப்பு ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். வேறு சர்வரில் இருந்தால் அனுமதிச் சிக்கல் வரும் என்பதால் நம் தளத்திலேயே வைக்கிறேன்.

கோப்பைச் சிறிதாக்க வேண்டாத எழுத்துகளை வெட்டுவார்கள். தமிழில் அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். எழுத்துகளுக்குப் பொதுவான எண் தரும் முறைதான் யூனிகோடு. அதில் 'கு' என்பது உள்ளே ககரமும் உகரக் குறியுமாக இரண்டு எண்கள். அவற்றைச் சேர்க்கும் விதி எழுத்துருவுக்குள் இருக்கிறது. அதையும் வெட்டிவிட்டால் இரண்டும் தனித்தனியே நிற்கும்.

தமிழுக்கு ஒரு கோப்பு, பர்மியத்துக்கு ஒரு கோப்பு. எது எந்த யூனிகோடு எண்களுக்கு என்று சொல்லிவிட்டால், தமிழ் மட்டும் உள்ள பக்கத்துக்குப் பர்மியக் கோப்பு இறங்காது. கோப்பு வரும்வரை போனில் இருக்கும் எழுத்திலேயே காட்டச் சொல்லலாம். டேட்டா மெதுவாக வந்தாலும் பூஜை நேரத்தை உடனே படித்துவிடலாம்.

அப்புறம், என் பெரிய கவலை பர்மியப் பகுதிதான். 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறியது. ஆனால் கோயிலின் பழைய அறிவிப்புகள் ஜோஜி (Zawgyi) என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்தவை. ஜோஜி அதே யூனிகோடு எண்களில் பலவற்றை வேறு எழுத்துகளுக்கு வைத்திருக்கிறது. எவ்வளவு நல்ல யூனிகோடு எழுத்துருவை அனுப்பினாலும் அந்த வரிகள் சிதறித்தான் தெரியும். வரியையே மாற்றினால்தான் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிப்பது பர்மிய எழுத்தில். அவர்களுக்கு அந்தப் பாதி குலைந்து தெரிவதை என்னால் பொறுக்க முடியாது.

உன்னிடம் உள்ள பழைய அறிவிப்புகளை யூனிகோடுக்கு மாற்றி அனுப்பு. மகளைக் கேட்டால் மாற்றித் தருவாள். மாற்றியதை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல். தைப்பூசத்துக்குள் பக்கத்தை ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்