ஜெர்ரி ஸ்டிக்கர் அனுப்பற என் தம்பிக்கு

கண்ணு,

உங்கப்பாவோட, அதாவது என் சித்தப்பாவோட, கடை போர்டுக்குக் கீழ நீ ஜெர்ரி ஸ்டிக்கரைப் போட்டுக் கிண்டல் பண்ணுனதைப் பத்தி அன்னிக்கு போன்ல சண்டை முத்துனப்ப நீ என்ன சொன்ன, "அக்கா, தைரியம் இருந்தா இதையெல்லாம் பொதுவுல எழுது, ரிக் ஃபேன்ஸ் வந்து பதில் சொல்லுவாங்க"ன்னு. சரி, எழுதறேன். உன் பேரு, காலேஜு எதுவும் இதுல வராது. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பையன், அவ்வளவுதான் படிக்கறவங்களுக்குத் தெரியும், அங்க ரிக் அண்ட் மார்ட்டிங்கற அமெரிக்கக் கார்ட்டூன் சீரிஸைப் பாக்கற பசங்க வேணுங்கற அளவுக்கு இருக்காங்க, அதனால பயப்படாத.

நான் ஒண்ணும் அந்த சீரிஸுக்கு எதிரி இல்ல, உனக்கே தெரியும். ஓணம் லீவுக்கு நீ கோயமுத்தூர் வந்தப்ப என் லேப்டாப்புல முதல் எபிசோடு போட்டுக் காட்டுனதே நான்தான், விடிய விடிய உக்காந்து பாத்தோம், அம்மா வந்து கரண்டியோட நின்னு திட்டற வரைக்கும். 2013 டிசம்பர்ல அடல்ட் ஸ்விம் சேனல்ல ஆரம்பிச்ச சீரிஸ் இது, அறிவியல் காமெடில இவ்வளவு யோசனை உள்ளது எனக்குத் தெரிஞ்சு கொஞ்சம்தான். அதனாலதான் அதை நீ பாக்கற விதம் எனக்கு இவ்வளவு வலிக்குது.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ரிக் ஒரு கிழவன், குடிகாரன், அண்டத்துலயே பெரிய மூளைக்காரன், கையில இருக்கற துப்பாக்கில சுட்டா எந்தப் பிரபஞ்சத்துக்கும் கதவு தொறக்கும், பேரன் மார்ட்டியை இழுத்துக்கிட்டு ஊர் ஊரா இல்ல, உலகம் உலகமா சுத்துவான். அவன் மகள் பெத், குதிரைகளுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர். பெத்தோட புருஷன் ஜெர்ரி. வேலை போனவன், எதுலயும் ஜெயிக்காதவன், மாமனார்கிட்ட தினமும் அவமானப்படறவன். ஃபேன்ஸ் என்ன பண்ணுனாங்கன்னா ரிக்கை சாமியாக்குனாங்க, ஜெர்ரியைத் திட்டுவார்த்தையாக்குனாங்க. யாராவது கொஞ்சம் மெதுவான ஆளா இருந்தா "டேய் ஜெர்ரி". அந்தப் பழக்கம் ஃபேமிலி குரூப் வரைக்கும் வந்துருச்சு, கொண்டுவந்தது நீ.

அந்தப் போர்டைப் பத்திச் சொல்லியே ஆகணும். கஞ்சிக்கோட்டு கம்பெனி மூடுனதுக்கப்புறம் சித்தப்பா வீட்டுல இருக்காரு, சித்தி பாலக்காட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டு வர்றாங்க, நீ காலேஜ். மாங்கா சீசன் வந்ததும் அவரு முதலமடைல இருந்து பழம் எடுத்துட்டு வந்து பொள்ளாச்சி ரோட்டோரம் கடை போடலாம்னு முடிவு பண்ணி, ஒரு பழைய தகரத்துல நீல பெயிண்ட்ல எழுதுனாரு, மேல தமிழ், கீழ மலையாளம்: "பசிச்சா மாம்பழம்". நீ எடுத்த போட்டோவை நான் பெருசாக்கிப் பாத்தேன். ஸ்கேல் வெச்சு பென்சில்ல கோடு போட்டிருக்காரு, அந்தக் கோடு இன்னும் அழியல. ழ ஒருக்கா கோணலா வந்து அதைத் துடைச்சுட்டு மறுபடி எழுதியிருக்காரு, துடைச்ச இடம் மேகமாட்டம் வெளுத்துக் கெடக்கு. அவ்வளவு கவனமா ஒரு மனுசன் எழுதுன போர்டு அது. நீ அதுக்குக் கீழ ஜெர்ரி ஸ்டிக்கரைப் போட்டு "ஹங்க்ரி ஃபார் ஆப்பிள்ஸ்"ன்னு எழுதி குரூப்ல அனுப்புன. உன் செட்டு பசங்களுக்கு அது எங்க இருந்து வந்ததுன்னு தெரியும், எனக்கும் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியாது. கட்டை விரல் போட்டுட்டு எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுனாரு, "ஜெர்ரின்னா அந்த எலி தான கண்ணு? கெட்டிக்கார எலியாச்சே, பையன் என்னைப் பாராட்டறானாட்ட இருக்கு"ன்னு.

நான் என்ன பதில் எழுதறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

இப்ப அந்த ஆப்பிள் எபிசோடுக்கே வர்றேன், ஏன்னா நீ அதைச் சரியாப் பாக்கல. முதல் சீசன்ல வேற்றுக்கிரக மோசடிக் கும்பல் ஒண்ணு ரிக்கை ஏமாத்த ஒரு பொய் உலகத்தை உருவாக்குது. ஜெர்ரி தெரியாம அதுக்குள்ள மாட்டிக்கறான். அவனுக்குப் போய் எதுக்கு இவ்வளவு கம்ப்யூட்டர் சக்தின்னு அவன் இருக்கற பகுதியை 5% சக்தில மட்டும் ஓட்டறாங்க. எதிர்ல வர்றவன் எல்லாரும் ஒரே மாதிரி, பேசறதும் ஒரே பேச்சு, கார் ரேடியோல வெறும் பீப் பீப்னு சத்தம். ஜெர்ரி எதையும் கண்டுபிடிக்கல. அங்க அவன் சொன்ன "ஹங்க்ரி ஃபார் ஆப்பிள்ஸ்"ங்கற ஆப்பிள் விளம்பர வாசகம் ஜெயிக்குது, பாராட்டு கிடைக்குது, அவன் வாழ்க்கைலயே அதுதான் நல்ல நாள். அப்புறம் நிஜ உலகத்துக்கு வந்து அதே வாசகத்தைச் சொல்றான், வேலையை விட்டுத் தூக்கிடறாங்க.

நீ அதுல பாத்தது முட்டாள் ஒருத்தனை. சிரிப்பு வரும், இல்லேன்னு சொல்லல, நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஆனா ஒருத்தனுக்கு யாரோ ஒருக்கா "நல்லா இருக்கு"ன்னு சொன்னதே வாழ்நாள்லயே பெரிய விஷயமா ஆகுதுன்னா, அவன் வீட்டுல எத்தனை வருஷமா யாரும் அதைச் சொல்லலன்னு அர்த்தம். அந்த எபிசோடு எழுதுனவங்க அதைத் தெரிஞ்சேதான் எழுதியிருக்காங்க. இல்லாட்டி அந்த நிஜ ஆபீஸ் சீனே தேவையில்ல, பொய் உலகத்துலயே ஜோக்கு முடிஞ்சுருச்சு.

இன்னொண்ணும் இருக்கு, அதே சீசன்தான். ரிக் செஞ்ச மருந்து ஊர் பூரா பரவி எல்லாரும் கோரமான பிறவிகளா மாறிடறாங்க, உலகமே பாழாப்போகுது, ரிக்கும் மார்ட்டியும் அந்த உலகத்தை அப்படியே விட்டுட்டு இன்னொரு பிரபஞ்சத்துக்கு ஓடிடறாங்க. அந்தப் பிரபஞ்சத்துல செத்துக்கிடந்த இன்னொரு மார்ட்டியை, அதாவது தன் பொணத்தைத் தானே, மார்ட்டி வீட்டுக்குப் பின்னால புதைப்பானே, அந்த எபிசோடு. விட்டுட்டுப் போன உலகத்துல ஜெர்ரி என்ன ஆனான், ஞாபகம் இருக்கா? கையில கடப்பாரை, துப்பாக்கி, பெண்டாட்டியையும் மகளையும் காப்பாத்திட்டு நிக்கறான். பெத் அவனோட சந்தோஷமா இருக்கா, அப்பாவும் மகனும் இல்லாததுதான் நிம்மதின்னு அவளே சொல்றா. அதே ஜெர்ரிதான். பக்கத்துல நின்னு நாள் பூரா "நீ ஒண்ணுக்கும் ஆகமாட்ட"ன்னு சொல்ல ரிக் இல்ல, அது ஒண்ணுதான் மாறுச்சு.

ஜெர்ரி பெரிய உத்தமன்னு நான் சொல்லல, அதையும் சொல்லிடறேன். மூணாவது சீசன்ல பெத்-ஜெர்ரி விவாகரத்துக்கு அப்புறம் மார்ட்டி கேட்டுக்கிட்டதால ரிக் அவனை ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவான், அங்க வெச்சு மூஞ்சிக்கு நேரா சொல்லுவான், நீ பாவம் மாதிரி நடிச்சு, அடுத்தவங்க இரக்கத்தைப் புடிச்சு வாழறவன்னு. அதுல உண்மை இருக்கு. ஜெர்ரி புலம்புவான், பரிதாபத்தைக் காட்டிக் காரியம் சாதிப்பான். ஆனா கண்ணு, உங்கப்பா என்னிக்காவது உன்கிட்ட வந்து புலம்பியிருக்காரா? வேலை போன விஷயத்தையே நம்ம வீட்டுல சித்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நீ வெச்ச அந்தப் பட்டம் பொருந்தக்கூட இல்ல, தப்பான ஆளுக்கு வெச்சிருக்க.

ஃபேன்ஸ் பத்திப் பேசலாம், நீ அவங்களைத்தான துணைக்குக் கூப்பிடற. 2017-ல மூணாவது சீசன் முதல் எபிசோட்ல ரிக் ஒரு சாஸைப் பத்திப் பேசுவான், 1998-ல மெக்டொனால்ட்ஸ் ஒரு படத்துக்காகக் குடுத்த செஷ்வான் சாஸ். அது போதும்னு அக்டோபர் 7-ஆம் தேதி மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவுல ஒரு நாள் மட்டும் அதைக் குடுக்கறதா அறிவிச்சாங்க. ஃபேன்ஸ் மணிக்கணக்கா க்யூல நின்னாங்க, கடைகளுக்கு வந்தது கொஞ்சூண்டு பாக்கெட்டு, உடனே கலாட்டா, சில இடத்துல போலீஸ் வந்துச்சு. அடுத்த வருஷம் பிப்ரவரில 2 கோடி பாக்கெட்டு இறக்கி சமாதானம் பண்ணுனாங்க. அந்த நாள் வீடியோல எல்லாம் நான் பாத்தது கவுண்டருக்குப் பின்னால நின்ன புள்ளைங்களைத்தான், மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்யற புள்ளைங்க, இந்தக் கார்ட்டூனைப் பாத்திருப்பாங்களோ என்னவோ, அவங்க மேல போயிக் கத்தறாங்க. ரிக்கோட மூளை தங்களுக்கும் இருக்குன்னு நெனச்ச கூட்டம், எதுக்குக் கோவப்பட்டுச்சு பாரு.

அதைவிட மோசம் அதே வருஷம் நடந்தது. மூணாவது சீசனுக்கு எழுத்தாளர் குழுவுல பெண்களைச் சேத்தாங்க. உடனே ஃபேன்ஸ்ல ஒரு கூட்டம் "எபிசோடு கெட்டுப்போனதுக்கு இவங்கதான் காரணம்"னு ட்விட்டர்ல அந்தப் பெண்களை அசிங்க அசிங்கமாத் திட்டி, மிரட்டி, அவங்க சொந்த விவரங்களை வெளிய விட்டாங்க. உருவாக்குனவர்ல ஒருத்தரான டான் ஹார்மனே பேட்டில இவங்களை அடியோட வெறுக்கறேன்னு சொன்னாரு. இதுல எனக்கு நெஞ்சு எரியறது எங்கன்னா, நீ டி-ஷர்ட்டுல போட்டுட்டுத் திரியற பிக்கிள் ரிக், ரிக் ஊறுகாயா மாறுற அந்த எபிசோடை எழுதுனது ஜெசிகா காவோ. அந்தக் கூட்டம் குறி வெச்ச பெண்கள்ல அவங்களும் ஒருத்தரு. 2018-ல டிவிக்கான எம்மி விருது வாங்குனதும் அந்த எபிசோடுதான். நானும் எழுதற பொண்ணு, சின்ன அளவுல எழுதறேன், ஆனா பொதுவுல ஏதாவது எழுதுனா கீழ என்ன வரும்னு எனக்கும் தெரியும், அதனால இதை என்னால சாதாரணமாத் தாண்டிப் போக முடியல.

சரி, அந்த எபிசோடுல என்ன நடக்குது? ரிக் ஏன் ஊறுகாயா மாறுனான்? ஃபேன்ஸ் ஞாபகம் வெச்சிருக்கறது எலிகளைக் கொன்னு அதுங்க உடம்பை வெச்சே கை கால் செஞ்சுக்கிட்டுச் சண்டை போடறதை. அவன் ஊறுகாயானதுக்குக் காரணம் குடும்பத்தோட ஒரு கவுன்சிலிங்குக்குப் போகணும், அதுல இருந்து தப்பிக்கணும், அவ்வளவுதான். கடைசில எப்படியோ அங்கயே வந்து சேருவான், கவுன்சிலிங் குடுக்கற டாக்டர் வோங் சத்தமே போடாம அவன்கிட்டப் பேசுவாங்க. நீ உன் அறிவை வெச்சு உன் நோய்க்கு நியாயம் கற்பிக்கற, தன்னைச் சரியா வெச்சுக்கறது தினசரி வேலை, பல்லு விளக்கறது மாதிரி, அதுல சாகசம் கிடையாது, சில பேர் அந்த வேலையைச் செய்வாங்க, சில பேருக்கு அதைவிடச் சாவே மேல்னு இருக்கும்னு, இந்த அர்த்தத்துல. அண்டத்துலயே பெரிய மூளைக்கு அங்க பதில் இல்ல. வீட்டுக்குத் திரும்பற வழில பசங்க ரெண்டு பேரும் எங்களுக்கு அவங்களைப் புடிச்சிருந்துச்சு, மறுபடியும் போலாமான்னு கேப்பாங்க, ரிக்கும் பெத்தும் காதுலயே போட்டுக்காம எங்க போயிக் குடிக்கலாம்னு பேசிட்டு வருவாங்க.

நீ கேக்கலாம், "ஃப்யூச்சராமால ஸாய்ட்பெர்க்கைக்கூட எல்லாரும் கேவலப்படுத்தறாங்களே, அதுக்கு மட்டும் நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற"ன்னு. அந்த இன்னொரு கார்ட்டூன்ல வர்ற டாக்டர் ஸாய்ட்பெர்க்கும் அப்படித்தான், காசு இல்ல, கூட வேலை செய்யறவங்க மதிக்கறதில்ல, வைத்தியமும் தெரியாது. ஆனா ஃபேன்ஸ் அவனைத் தலைல தூக்கி வெச்சுக் கொஞ்சறாங்க. நான் யோசிச்சுப் பாத்ததுல எனக்குப் பட்டது, ஸாய்ட்பெர்க் நண்டாட்டம் இருக்கற வேற்றுக்கிரக ஜந்து, அந்த மாதிரி யாரும் நம்ம வீட்டுல இல்ல, பாவப்படறது சுலபம். ஜெர்ரி மாதிரி ஆளு நம்ம வீட்டு ஹால்லயே உக்காந்திருப்பான், நாளைக்கு நாமளே அப்படி ஆனாலும் ஆவோம். அந்தப் பயம்தான் அவனை இவ்வளவு வெறுக்க வைக்குதுன்னு நினைக்கறேன். உனக்கும் பயம் இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. கம்பெனி மூடுனப்ப நீ பிளஸ் டூல இருந்த, என்ஜினியரிங் பீஸ் எப்படிக் கட்டறதுன்னு சித்தி அழுதது உன் காதுலயும் விழுந்திருக்கும், ரிக் மாதிரி எதுவுமே பாதிக்காத ஆளா இருந்துட்டா நல்லா இருக்கும்னு உனக்குத் தோணுனதுல ஆச்சரியமே இல்ல. ஆனா ரிக்கை எதுவும் பாதிக்காம இல்ல கண்ணு, ரெண்டாவது சீசன்ல அவனோட பழைய காதலி யூனிட்டி அவனை விட்டுப் போனதுக்கப்புறம் அந்தக் கராஜ்ல அவன் தனியா உக்காந்து என்ன பண்ணப் பாத்தான்னு உனக்குத் தெரியும், அதை இங்க விவரமா எழுத எனக்கு மனசில்ல.

இந்த சனிக்கிழமை பொள்ளாச்சி வழியா வர்றேன். ஸ்டிக்கரை குரூப்ல இருந்து எடுத்துடு, இது ஒண்ணு மட்டும் என் உத்தரவு, மத்ததெல்லாம் நாம வாதாடலாம். ஞாயித்துக்கிழமை காலைல நீயும் கடைக்கு வா, சித்தப்பா பெட்டி இறக்கறப்ப கூட ஒரு கை வேணும், போன வாரம் தோள்பட்டை வலிக்குதுன்னு சித்திகிட்டச் சொன்னாராம். சாயங்காலம் லேப்டாப்பைத் தொறந்து அந்த கவுன்சிலிங் எபிசோடை மறுபடி பாக்கலாம், கார்ல வர்ற சீன் வரைக்கும். அதுக்கப்புறமும் ரிக் சொல்றதுதான் சரின்னு உனக்குப் பட்டா ஏன்னு எனக்குச் சொல்லு, நிஜமாவே கேட்டுக்கறேன்.

அன்போட,
அக்கா