காரிமங்கலம் வட்டாரக் கோழிப் பண்ணையாளர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு நகல் வீடு தேடிப் போகும்.

மாதக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. பாதிக் கூட்டங்களில் கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை. கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பூசி முகாம் நடந்தது. மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்திக் கல்லூரிக்குப் போய் வந்தோம். ஆயுத பூஜை வழக்கம்போல.

தீவனத்தில் ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகப் புரோபயாடிக் சேர்க்கும் திட்டத்தைப் பற்றிச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். "செயலாளர் சங்கப் பணத்தை மாவில் கரைத்துவிட்டார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

கோழி, கால்நடைகளுக்கான கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை மத்திய அரசு 2019 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியது. தினம் கொஞ்சம் மருந்து தின்ற கோழியின் குடலில் அதற்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். நோய் வரும் நாளில் அதே மருந்து கைகொடுக்காது. புரோபயாடிக்கோ உயிருள்ள நல்ல நுண்ணுயிர். குடல் சுவரில் முதலில் இடம் பிடித்து, அமிலம் சுரந்து, ஈ.கோலியும் சால்மோனெல்லாவும் ஒட்டவிடாமல் செய்கிறது. அதனால்தான் குஞ்சு இறங்கிய முதல் நாளே தொடங்கச் சொன்னோம். பதினைந்தாம் நாள் கழிச்சல் கண்டபின் கொடுத்துவிட்டு "பலனில்லை" என்றால் எப்படி?

பலருக்கும் பிசகியது தண்ணீரில். பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டியிலேயே பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினால் குளோரின் அதைக் கொன்றுவிடும். லசோட்டா என்ற ராணிக்கெட் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும்போது செய்கிற அதே வேலைதான்: குளோரினை முறிக்க 100 லிட்டருக்கு 250 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர், அரை மணி நேரம் கழித்துப் புரோபயாடிக். அதன்பின் குழாயை நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் கோழி நீர் குடிக்கும் நிப்பிள் அடைக்கும். அந்தப் பழியும் திட்டத்தின் மேல்தான் விழுந்தது.

தீவனத்தில் டன்னுக்கு அரைக் கிலோ என்று லேபிளில் இருந்தால், அதை அப்படியே மிக்சரில் போடக்கூடாது; ஒரு மூட்டையில் குவியும், அடுத்ததில் இருக்காது. முதலில் 5 கிலோ மக்காச்சோள மாவில், பிறகு 50 கிலோவில் கலந்து, எண்ணெய் விடுவதற்கு முன்பே சேர்க்க வேண்டும். தீவனத்தை நீராவியில் பெல்லட்டாக அடிப்பவர்களுக்கு லாக்டோபேசில்லஸ் வகைப் புரோபயாடிக் வீண். வித்து உறையுள்ள பேசில்லஸ் சப்டிலிஸ்தான் சூட்டைத் தாங்கும். பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் உள்ள ப்ரீமிக்ஸை (தீவனத்தில் சேர்க்கும் கலவையை) நிறுத்தாமல் புரோபயாடிக்கையும் சேர்த்தவர்கள் இரண்டுக்கும் காசு கொடுத்தார்கள்; அந்த மருந்து சில நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துவிடக்கூடும். கம்பெனிக்கு வளர்ப்பவர்கள் சூப்பர்வைசரைக் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம்.

சொன்னபடி செய்த ஷெட்களில் எச்சம் கட்டியானது, தரையில் விரித்த உமியின் ஈரம் குறைந்தது, அம்மோனியா நெடி தணிந்தது. எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஈரமான உமியையும் நெருக்கடியான ஷெட்டையும் எந்தப் பொட்டலமும் சரிசெய்யாது. ரத்தக் கழிச்சலுக்கு இது மருந்தும் அல்ல; கால்நடை மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். செலவில் பெரும்பங்கு பால்பவுடரும் புரோபயாடிக்கும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் இலவசப் பொட்டலத்தை முதலில் வாங்கிப் போனவர்கள்; பெயர் படிக்க மனமில்லை.

முகாமுக்கு வந்த கால்நடை மருத்துவர்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், டீ கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் குளோரின் சோதனைக் குப்பிகளும் பொதுவில் ஒரு சிறு மிக்சரும் வாங்கலாம் என்று எண்ணம். அது நடக்குமா என்பது செயலாளர் கையில் இல்லை. ரசீதுப் புத்தகம் இன்று மேசை மேலேயே இருக்கிறது. கூட்டம் முடிந்து சாப்பாடு வரும்வரை நானும் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

செயலாளர்