நம் கடை பட்டர் காளான் இறால் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும், பாலம் தாண்டிப் பினாங்குத் தீவிலிருந்தும் நம் கடைக்கு வருகிற அக்கா, அண்ணன், தம்பி, தங்கைமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரத்திலிருந்து புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் எனக்கே அனுப்பி, "அண்ணே, இது நம்ம கடை டப்பாவா?" என்று கேட்டீர்கள். நம் கடை டப்பாதான். மூடியைத் திறந்ததும் பட்டர் காளான் இறாலுக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் மிதக்கிறது, அதைக் கரண்டியால் அள்ளிக் காட்டுகிறார்கள். "பட்டர்னு சொல்லிட்டு மார்ஜரினும் பாமாயிலும் ஊத்தி, கலர் பொடி போட்டிருக்காங்க" என்று பின்னால் ஒரு குரல். எடுத்தவர் யாரென்று நான் தேடவில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்குக் கேட்க உரிமை உண்டு. கடைக்கு வந்து என்னிடமே கேட்டிருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

மற்றது எதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். உப்பு கூடிவிட்டது, தாமதமாக வந்தது என்றால் சரி, கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கலர் பொடி என்று சொன்னது மனதைக் குத்துகிறது. காரணம், அந்த நிறத்துக்காகத்தான் எங்கள் அடுக்களையில் காலை நேரம் பாதி போகிறது.

இறால் பேராக்கிலுள்ள கோலா குராவிலிருந்து வருகிறது. கழுவி, உரித்து, குடலை எடுத்தபின் தலையையும் ஓட்டையும் நாங்கள் வீசுவதில்லை. அடி கனமான சட்டியில் பட்டரை உருக்கி, அவற்றை அதில் போட்டு நிதானமான தீயில் வதக்குகிறோம். போடும்போது பச்சையும் சாம்பலுமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் சிவக்கும். கரண்டியின் பின்புறத்தால் தலைகளை நசுக்க நசுக்கப் பட்டரும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும். இறால் ஓட்டில் அஸ்டாக்சாந்தின் என்று ஒரு நிறமி இருக்கிறது. வேகாத இறாலில் அது ஒரு புரதத்தோடு பிணைந்து கிடப்பதால் சிவப்பு தெரியாது. சூடு பட்டால் புரதம் விட்டுவிடும், நிறம் வெளியே வரும். சால்மன் மீனின் சதைக்கும் இதே நிறமிதான் நிறம் கொடுக்கிறது. இது கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. வீட்டில் இறால் ஓட்டை வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள், ஓடு சிவக்கும், தண்ணீருக்கு அவ்வளவாக நிறம் ஏறாது. அதையே பட்டரில் வதக்குங்கள். காணொளியில் கரண்டியில் அள்ளிக் காட்டினார்களே, அந்த ஆரஞ்சு நிறம் உங்கள் சட்டியிலும் வரும்.

அடுத்தது, எண்ணெய் ஏன் மிதந்தது? பட்டரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கொழுப்பு, 16 விழுக்காடு தண்ணீர். மிச்சம் பாலின் புரதமும் சர்க்கரையும். ஓட்டை வதக்கித் தண்ணீர் விட்டு வடித்த சாற்றைச் சுண்டவைத்து, அடுப்பை அணைத்தபின் குளிர்ந்த பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்குகிறோம். அப்போதுதான் கொழுப்பும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து சாஸ் பளபளவென்று கெட்டியாக நிற்கும். மைதா, சோளமாவு எதுவும் போட்டுப் பிடித்துவைப்பதில்லை. மாவு போட்டால் பிரியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வாயில் பசை மாதிரி ஒட்டும், இறால் தலையின் இனிப்பு அடங்கிப்போகும். மாவில்லாத சாஸைத் தப்பாவ் (பொட்டலமாக) வாங்கிப்போய், ஆறவிட்டு, மைக்ரோவேவில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் பிரியத்தான் செய்யும். கடையில் தட்டில் சாப்பிட்டவர் யாரும் எண்ணெய் மிதந்ததாகச் சொன்னதில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்ஜரின் போட்டுச் செய்தாலும் இப்படிப் பிரியும். அதனால் அந்தக் காணொளியைப் பார்த்து இது பட்டரா மார்ஜரினா என்று யாராலும் சொல்ல முடியாது, அவர்களாலும் முடியாது. பட்டர் வாங்கிய ரசீதுகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். கேட்டால் எடுத்துக் காட்டுவோம். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்திருக்கும். அப்போது வந்தால் அடுக்களைக்குள்ளேயே நின்று பாருங்கள். பட்டர் காயும்போது பால் துகள்கள் அடியில் பழுப்பாகி ஒரு மணம் வரும், வறுத்த முந்திரியைப் போல. அதை முகர்ந்தபின் உங்களுக்கு என் விளக்கம் தேவைப்படாது.

காளானைப் பற்றியும் ஒரு பேச்சு வந்தது, டின் காளான் என்று. இல்லை. மொட்டுக் காளானும் சிப்பிக் காளானும் பச்சையாகத்தான் வாங்குகிறோம். காளானில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். எண்ணெய் விடாமல், உப்பும் போடாமல், அகலமான சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அந்தத் தண்ணீரை வற்றவிடுகிறோம். ஓரம் பழுப்பானதும்தான் பட்டரும் பூண்டும் மிளகும் சேரும். இதனால்தான் நம் காளான் சுருங்கி, நிறம் மாறி, டின்னில் வந்தது போலத் தெரிகிறது. வெள்ளையாகப் பருத்து நிற்கிற காளான் வேண்டுமென்றால் செய்யலாம், ஆனால் அதில் தண்ணீர்ச் சுவைதான் இருக்கும்.

முஸ்லிம் வாடிக்கையாளர்கள் கேட்டிருந்தீர்கள்: வெள்ளை வைன் கிடையாது, எப்போதும் சேர்த்ததில்லை. புளிப்புக்குக் கடைசியில் எலுமிச்சைச் சாறு மட்டும். முட்டை நூலும் கறிவேப்பிலையும் சிலி பாடி என்கிற சின்னக் கார மிளகாயும் போட்ட பட்டர் இறாலை எதிர்பார்த்து வந்த சிலர் ஏமாந்ததாகச் சொன்னார்கள். அது சீனக் கடைகளின் அருமையான பதார்த்தம், நம்முடையது வேறு.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, நீங்களும் சந்தைக்குப் போகிறவர்கள்தான். பட்டர் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2025 நடுவில் உலகச் சந்தையில் அதன் விலை அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்கிற நம்மைப் போன்ற கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதில் எனக்குக் குறையில்லை, காலையில் இறால் உரிக்கிற கைக்கு அது நியாயமாகச் சேரவேண்டியது. அடுத்த மாதம் முதல் தட்டு 29 வெள்ளி, அதில் இறால் ஏழு. பட்டரின் அளவு மட்டும் ஒரு கிராம்கூடக் குறையாது, அதற்கு நான் பொறுப்பு.

உங்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மேசைகளைக் கவிழ்த்துவைத்த நாட்களில், ஒரு பொட்டலம் போதும் என்கிற வீட்டுக்கு இரண்டு வாங்கிப்போனவர்கள் நீங்கள். கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் தள்ளித் தள்ளி நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போவீர்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறவர்கள் இறால் இல்லாமல் காளானை மட்டும் கேட்கும்போது, அதற்குத் தனிச் சட்டி வைத்துச் செய்வதை நாங்கள் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. இந்தக் காணொளி வந்தபின்னும், "நாங்க இத்தனை வருஷமா சாப்பிடுறோம்" என்று குழுவிலேயே எழுதிப் பதில் சொன்ன அக்காமார்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அந்த வரிகளை என் மனைவி எனக்கு வாசித்துக் காட்டினார்.

இனிமேல் தப்பாவ் வாங்கினால் சாஸ் தனி டப்பாவில் வரும், இறாலும் காளானும் வேறொன்றில். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். சின்னச் சட்டியில் சாஸை ஊற்றி, இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு, மிகச் சிறிய தீயில் கலக்கிக்கொண்டே இருங்கள், கொதிக்க விடாதீர்கள். பிரிந்திருந்தாலும் பெரும்பாலும் சேர்ந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு இறாலைப் போட்டுப் புரட்டினால் போதும். ஏற்கெனவே வெந்த இறால் அது, மறுபடி வேகவைத்தால் ரப்பராகிவிடும். இதையே சின்னத் தாளில் அச்சடித்து டப்பாவோடு தருகிறோம். அப்புறமும் எண்ணெய் மிதந்தால் டப்பாவோடு கடைக்கு வாருங்கள், புதிதாகச் செய்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
பிறை