ஆறு மாத ஊசி, சுண்ணாம்பு ஊசி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் எலும்புத் தேய்மானக் கட்டுரையில், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை ‘எலும்பைத் தின்னும் எதிரிகள்’ என்றும், ஆறு மாதத்திற்கொருமுறை போடப்படும் டெனோசுமாப் ஊசியைச் ‘சுண்ணாம்புச் சத்து ஊசி’ என்றும் எழுதியிருந்தீர்கள். முன்னதை மிகையென்று விட்டுவிடலாம், பின்னது ஆபத்தானது. சத்து ஊசி என்று நம்புகிறவர், நடக்கத் தெம்பு வந்ததும் அதை நிறுத்திவிடுவார்.

இச்செல்கள் பிறக்கும்போதே எலும்பைக் கரைப்பவை அல்ல. இரத்த வெள்ளையணுக்களின் ஒரு வகையிலிருந்து வரும் சிறு செல்கள் பல ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாகின்றன. அந்த இணைப்பு மரபணுக்களின் கட்டுப்பாட்டில் நடப்பது. ரேங்க்-எல் என்னும் புரதம் வந்து தொட்டதும், செல்லுக்குள் என்ஃபேட்-சி1 என்ற தலைமைப் புரதம் பெருகி, இணைப்புக்கு வேண்டிய மரபணுக்களை இயக்குகிறது. கொடிவேரி அணையில் மதகைத் திறந்துவிட்டாலும் வயலின் மடை அடைத்திருந்தால் நீர் பாயாது என்பது எங்கள் பகுதி உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; இங்கும் அப்படியே, ஐ.ஆர்.எஃப்-8, மாஃப்-பி போன்ற புரதங்கள் மடையை அடைத்து நிற்க, பிளிம்ப்-1 என்ற இன்னொன்று வந்து அவற்றின் மரபணுக்களை அடக்கிய பிறகே வேலை நடக்கிறது.

இணைப்பில் முக்கியப் பங்கு டிசி-ஸ்டாம்ப் என்னும் மரபணுவுக்கு உண்டு. அதை நீக்கிய எலிகளில் இச்செல்கள் தனித்தனியாகவே நின்றுவிட்டதையும், அவற்றின் கரைக்கும் திறன் குறைந்து எலும்பு அடர்ந்துபோனதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினர். பழைய எலும்பு கரையாமல் புதியது ஒழுங்காக அமையாது என்பதால், ‘எதிரி’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை.

டெனோசுமாப் மேற்சொன்ன ரேங்க்-எல் புரதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. தலைமதகையே அடைத்துவிடுகிறது என்று சொல்லலாம். அதில் சுண்ணாம்புச் சத்து எதுவுமில்லை. மாறாக, இரத்தத்தில் கால்சியம் தாழக்கூடும் என்பதால் சத்தைத் தனியே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊசியின் பிடி தளர்ந்ததும் எலும்புக் கரைப்பு முன்னிலும் வேகமாகத் திரும்புகிறது. முதுகெலும்புகள் பல ஒருசேர நொறுங்கியவர்களும் உண்டு. எலிகளில் செய்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய செல்கள் சிறு செல்களாகப் பிரிந்து பின்னர் மீண்டும் கூடுவதும், ரேங்க்-எல் தடுக்கப்படும்போது அச்சிறு செல்கள் கூடாமல் குவிந்துபோவதும் காணப்பட்டன. ஊசி நின்றபின் வரும் அந்த வேகத்துக்குக் காரணம் முழுவதும் அதுவேயா என்பது இருக்கட்டும். தவணை தவறக் கூடாது, நிறுத்துவதானால் மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்டே நிறுத்த வேண்டும் என்பதைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த என் தாயார், தங்கள் கட்டுரையைக் கத்தரித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். “சத்து ஊசிதானே கண்ணு, இந்தத் தடவை வேண்டாம்” என்கிறார். அவருடைய அடுத்த தவணை தை மாதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.