முற்றத்துக்குக் கூரை போட்ட நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் செட்டிநாட்டு வீட்டுக்கு வந்திருக்கும் புதிய சொத்து வரிக் கணக்கு பற்றி முன்பே மனு கொடுத்திருக்கிறோம். திறந்த முற்றத்தையும் கட்டடமாக எண்ணி, இருப்பதைவிடக் கூடுதல் பரப்புக்கு வரி போட்டிருக்கிறீர்கள்; மற்ற விவரமெல்லாம் கோப்பில் இருக்கிறது. கேட்பது ஒன்றுதான்: வீட்டை மறுபடி அளந்து, முற்றத்தைக் கழித்துவிட்டு வரி போடுங்கள்.

அளக்க வந்தவர் முன்தெருவில் அகலத்தைப் பிடித்தார், நேர்ச்சுவர் ஓரமாக நீளத்தைப் பிடித்தார், பெருக்கினார், போய்விட்டார். 40 அடிக்கு 120 அடி, ஆக 4,800 சதுர அடி. பின்தெருப் பக்கம் அகலம் 32 அடிதான்; அங்கே அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனை முழுவதையும் அடைத்துக் கட்டிய வீடு அது. மனையோ செவ்வகம் அல்ல, சரிவகம். இணையான இரு பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, இடைத்தூரத்தால் பெருக்க வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். 4,320 வரும். அதிலும் வளவு (தூண் தாழ்வாரமும் அறைகளும் சூழ்ந்த உள்வீடு) நடுவே 24-க்கு 18 அடி முற்றம், 432 சதுர அடி, திறந்த வெளி.

வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. குடியிருப்பது அப்பத்தா மட்டும். வரியைப் பங்கு பிரித்து வசூலிப்பதும் அவர்தான். கூடுதல் தொகையைச் சொன்னதும் ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். ஒருவர் போனையே எடுப்பதில்லை. நியாயம் கேட்டு உங்கள் அலுவலகத்துக்குப் போன அப்பத்தாவிடம் ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் கூரை வகை எழுத வேண்டுமாம்: ஓடு, கான்கிரீட், தகரம். "மழை பெஞ்சா நனையிற இடம் தம்பி, அதுக்கு எதை எழுத?" என்று கேட்டாராம். "ஏதாவது ஒண்ணை டிக் பண்ணுங்க ஆச்சி." ஓடு என்று டிக் ஆனது. ஆக, உங்கள் ஏட்டில் எங்கள் முற்றத்துக்கு இப்போது கூரை உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் அதை எங்கள் கண்ணிலும் காட்டினால் உதவியாக இருக்கும்.

2003-இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது அரசு. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தில் கொட்ட, அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வடிகால் வழியே ஊருணிக்குப் போகும்படி அதற்கு வெகு காலம் முன்பே கட்டிய வீடுகள் இவை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் ஏறின. சுற்றுலா விளம்பரத்துக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் நேரே முற்றத்தில்தான் வந்து நிற்கிறார்கள். படம் எடுக்கையில் பாரம்பரியம், பில் போடுகையில் ஓட்டுக்கட்டடம்! இந்த வரிக்குப் பயந்து முற்றத்தின்மேல் தகரம் போட்டுக் கடைக்கு வாடகை விடலாமா என்று ஒரு பங்காளி கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்படிச் செய்தால்தான் உங்கள் படிவத்துக்குச் சரியாக வரும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வரி ஏறியபோதும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். நியாயமான வரியை இப்போதும் கட்டுவோம். 4,320-இல் முற்றத்தின் 432-ஐக் கழித்து, 3,888 சதுர அடிக்குப் போடுங்கள். படிவத்தில் 'கூரை இல்லை' என்று ஒரு கட்டம் சேருங்கள். இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அது தேவைப்படும்.

அளக்க வருபவரைத் தயவுசெய்து காலையில் அனுப்புங்கள், மதியம் அப்பத்தா தூங்குவார். பின்தெருக் கதவையும் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒரு பங்காளி