படிப்பது வேறு, மாற்றுவது வேறு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மரபணுத் திருத்த நெல், அதாவது ஆய்வகத்தில் மரபணுவையே திருத்தி உருவாக்கும் நெல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மரபணு என்ற சொல் காதில் விழுந்தாலே ஒதுங்கிப் போகும் பழக்கம் எங்கள் விவசாயிகளுக்கு உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் மரபணுவை மாற்றுவது வேறு, அதைப் படிப்பது வேறு.

வேதாரண்யம் பக்கம் எனக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம். 2004 டிசம்பரில் சம்பா கதிர் வாங்கி நின்றபோது சுனாமியில் கடல் ஏறிவிட்டது. இன்றும் கோடையில் ஒரு மாவில் உப்புப் பூத்துக் கிடக்கும்.

2011 மார்ச்சில் ஜப்பானில் 20,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நெல்வயலில் இதே கதி. அங்கே இவாத்தே மாகாணத்து ஆய்வு மையத்தில் ரியோஹெய் தெராவுச்சி குழுவினர், ஹிதோமெபோரே என்ற பெயர்போன நெல்லின் விதையை, மரபணுவில் அங்கங்கே மாற்றம் உண்டாக்கும் ஈ.எம்.எஸ். என்ற ரசாயனத்தில் நனைத்து, ஆயிரக்கணக்கான மாறிய செடி வழிகளை வளர்த்து வைத்திருந்தார்கள். உப்புநீர் விட்டுப் பார்த்ததில் ஒன்று தாக்குப்பிடித்தது.

சரி, எந்த மாற்றத்தால்? நெல்லின் மரபணுத் தொகுதியை, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதையும் ஒரு புத்தகமாக நினைத்தால், அதில் கிட்டத்தட்ட 39 கோடி எழுத்துகள். அந்தச் செடியை அதன் தாய் ரகத்தோடே கலந்து, பேரன் பேத்திச் செடிகளில் உப்பைத் தாங்கியவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றின் டிஎன்ஏவை ஒன்றாகச் சேர்த்துப் படித்தார்கள். மற்ற மாற்றங்கள் சில செடிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அத்தனையிலும் தவறாமல் இருப்பதுதான் காரணம். எனக்கு இந்த யோசனை அவ்வளவு பிடித்துப்போனது! இரண்டே வருடத்தில் 'கைஜின்' ரகம் தயாரானது. தாய்க்கும் அதற்கும் 201 எழுத்துகள்தான் வித்தியாசம். உப்பில்லாத வயலில் விளைச்சலும் குறையவில்லை. வேறு உயிரின் மரபணு எதுவும் உள்ளே நுழைக்கப்படவில்லை.

நம்மாலும் முடியும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் எஸ். ராபின், இதே ரசாயனத்தில் நனைத்த நாகினா 22 நெல்லிலிருந்து களைக்கொல்லியைத் தாங்கும் ஒரு செடியைக் கண்டெடுத்தார். அதை வைத்து உருவான பாஸ்மதி ரகங்கள் 2024இல் வெளிவந்தன. களைக்கொல்லி விற்பனைக்குத் துணைபோகும் குணத்தைவிட உப்பைத் தாங்கும் குணம்தான் எங்களுக்கு முதலில் வேண்டும்.

உவர் நிலத்தில் விளையும் குழியடிச்சானும் களர்பாலையும் நம்மிடமே இருக்கின்றன. இரண்டு வேறு ரகங்களைக் கலந்து, சந்ததியில் இதேபோல் தேடும் முறையையும் அதே ஜப்பானியக் குழு 2013இல் வெளியிட்டுவிட்டது. குழியடிச்சானில் உப்பைத் தாங்க வைப்பது எது என்று தேடி, அதை விளைச்சல் தரும் நம் ரகங்களில் சாதாரணக் கலப்பு முறையிலேயே சேர்த்துத் தாருங்கள் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வரும் விதை, அந்த நெல்லை இத்தனை காலம் காப்பாற்றிய விவசாயிகளுக்கு விலையில்லாமல் கிடைக்க வேண்டும்.

வயலில் சோதித்துப் பார்க்க இடம் வேண்டுமென்றால், உப்புப் பூக்கும் அந்த ஒரு மாவை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வேதாரண்யம் வட்டம்