உடம்பின் மெயின் லைன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பேரன் பள்ளியில் சேர்ந்தது, கடையில் அந்தப் பழைய தையல் மெஷினை விற்க மனசு வராமல் நீ துடைத்துத் துடைத்து வைத்திருப்பது, எல்லாம் படித்தேன். பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. பதறாதே, ஆள் நன்றாகத்தான் இருக்கிறேன்.

சிறுநீரகக் கல் என்று வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனேன். கல் பொடிசுதான், தண்ணீர் குடித்தே வந்துவிடும் என்றார் டாக்டர். அப்புறம் ரிப்போர்ட்டில் இன்னொரு வரியைக் காட்டினார். இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக் குழாயான பெருந்தமனி 2 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 3.4 இருக்கிறதாம். 3ஐத் தொட்டாலே அதற்கு அனியூரிசம் என்று பெயர். சைக்கிள் டியூபில் ஒரு இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதேதான். புடைத்த இடம்தான் மேலும் புடைக்கும் என்பது நமக்கே தெரியும். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், வருடம் ஒரு முறை அளந்து பார்ப்போம், ஆண்களுக்கு 5.5ஐ எட்டினால்தான் பொதுவாக ஆபரேஷன் பற்றிப் பேசுவோம் என்றார்.

இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் பயம் கொஞ்சம் விலகி ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருடம் பம்பு பிரித்து மாட்டியவனுக்குத் தன் உடம்பின் மெயின் லைன் எப்படி ஓடுகிறது என்று தெரியவில்லையே!

பள்ளியில் படம் வரைந்து சிவப்புப் பென்சில் தீட்டியதோடு சரி. பெருந்தமனி இதயத்தின் இடது வெண்ட்ரிக்கிளில், அதாவது இடது கீழறையில், கிளம்பி மேலே போகிறது. கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் மூன்று கிளைகளைக் கொடுக்கிறது. முதுகெலும்பை ஒட்டியே இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி, கல்லீரல், குடல், சிறுநீரகம் என்று பங்கு வைத்துக்கொண்டே வந்து, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. இதுவரைக்கும் ஊர்க் குடிநீர்த் திட்டம்தான். குழாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

குழாய் இல்லை, மாப்ளே. பழைய பிஸ்டன் பம்பில் டெலிவரி பக்கம் ஒரு ஏர் வெசல் இருக்கும். உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது, நீ பட்டறைக்கு வந்ததெல்லாம் டீ குடிக்கத்தான். பிஸ்டன் தள்ளும்போது கொஞ்சம் தண்ணீர் அதற்குள் ஏறி உள்ளே இருக்கும் காற்றை அமுக்கும். பிஸ்டன் பின்வாங்கும்போது அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளிவிடும். விட்டு விட்டுக் கொட்ட வேண்டிய தண்ணீர் ஓரளவு சீராக ஓடும். பெருந்தமனி இதே வேலையைக் காற்று இல்லாமல் தன் சுவராலேயே செய்கிறது. ஒரு துடிப்புக்கு இதயம் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தத்தைத் தள்ளும். அதில் ஏறக்குறையப் பாதியைச் சுவர் விரிந்து வாங்கிப் பிடித்துக்கொண்டு, வால்வு மூடியதும் சுருங்கி அனுப்புகிறது. பிரஷர் 120/80 என்கிறோமே, அந்த 80 எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இதயம் இளைப்பாறும் நேரத்தில் அழுத்தம் அடியோடு விழாமல் தாங்குவதில் பெரும்பங்கு இந்தச் சுவருக்குத்தான்.

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்று ஒரு பாதிரியார். குதிரையின் தமனியில் குழாய் செருகி, ரத்தம் கண்ணாடிக் குழாயில் 8 அடிக்கு மேல் ஏறுவதை அளந்தவர். தமனிகளை அந்தக் காலத் தீயணைப்பு பம்பின் காற்றறையோடு அவர் ஒப்பிட்டு எழுதியது 1733ல். பாதிரியாருக்குத் தோன்றியது பம்பு மெக்கானிக்குக்கு 68 வயதில்தான் தோன்றுகிறது, என்னத்தைச் சொல்ல.

இன்னொன்றும் ரசித்தேன். பெருந்தமனியின் முதல் கிளைகள், வால்வுக்குச் சற்று மேலேயே, இதயத்துக்கே போகின்றன. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? ஆனால் இடது பக்கத் தசை இறுகும்போது தன் ரத்தக் குழாய்களையே நெரித்துவிடுகிறது. அதனால் அதன் பங்கு பெரும்பாலும் தளரும்போதுதான் உள்ளே போகிறது. அந்த நேரத்தில் தள்ளிக் கொடுப்பதும் இந்தச் சுவர்தான்.

சுவரின் நடு அடுக்கில் எலாஸ்டின் இருக்கிறது, அதுதான் ரப்பர் குணம் தருவது. உடம்பு அதைப் பெரும்பாலும் சின்ன வயதிலேயே செய்து முடித்துவிடும். அப்புறம் இருப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். அது நைந்து சுவர் விறைத்துப் போவதால்தான் நம் வயதுக்காரர்கள் பலருக்கு மேல் எண் ஏறியும் கீழ் எண் இறங்கியும் நிற்கிறது.

சரி, உன் தொழில் சமாச்சாரம் ஒன்று. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்று ஒரு சர்ஜன். 1950களில், கெட்டுப்போன தமனிக்குப் பதில் வைக்கத் துணிக் குழாய் செய்யலாம் என்று நைலான் வாங்கக் கடைக்குப் போனாராம். நைலான் தீர்ந்துவிட்டது, டெக்ரான் இருக்கிறது என்றார்களாம். வாங்கி வந்து, அம்மாவிடம் கற்ற தையலை வைத்து மனைவியின் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்துவிட்டார். டெக்ரான் வேறொன்றுமில்லை, பாலியஸ்டர். நீ எனக்குத் தைத்துக் கொடுத்த டெரிகாட்டன் பேன்ட்டில் பாதி அதுதான். 97 வயதில் அவருக்கே பெருந்தமனிச் சுவர் கிழிந்தது. 2006ல் டெக்ரான் குழாய் வைத்துத் தைத்தார்கள். அதற்கப்புறமும் 2008 வரை இருந்தார். அந்த மெஷினை விற்றுவிடாதே.

இவ்வளவு எழுதியது சும்மா இல்லை. எனக்கு இது வந்ததற்கு முதல் சந்தேகம் சிகரெட் மேல்தான் என்றார் டாக்டர். நாம் இரண்டு பேரும் ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தவர்கள். நான் விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. உன் கதை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 65லிருந்து 75 வயதுக்குள், எப்போதாவது புகைத்துப் பழகிய ஆண்களை ஒரு தடவையாவது இந்த ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. இது வளர்வது வெளியே தெரியாது, எனக்கும் கல் வராமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

தீபாவளிக்கு வருவதாக எழுதியிருந்தாய். இரண்டு நாள் முன்னாலேயே வா. வெறும் வயிற்றோடு காலையில் கூட்டிப் போகிறேன். முடிந்ததும் வழக்கமான கடையில் நெய் ரோஸ்ட், காசு நீதான் கொடுக்கிறாய். தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, இல்லாவிட்டால் நானே போன் போட்டுச் சொல்வேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்